பின் இன்ஜினில் ஆள் இல்லை

அத்தியாயம் 7

சோமசுந்தரம் எழுந்து வந்து கை கொடுத்தார். மெத்தென்ற கை. உயர்ந்த ரக சோப்பு வாசனை.

"கருப்பையா, காப்பி? சென்னையிலேர்ந்து பொடி வரவழைச்சிருக்கேன். நம்ம ஊர்க் காப்பி."

"குடிக்கிறேன் சார்," என்றேன். என் முதலாளி மதாம் மாதலேன் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் காப்பி வருவதற்கு முன்பே ஆறிவிட்டது.

சைகோனின் டான் சோன் நாட் விமான நிலையத்துக்கு அருகில் ஏழாவது மாடி. கண்ணாடிச் சுவர். ஒரு சுவர் முழுக்கப் பச்சை மலை, அதன்மேல் வளைந்து ஏறும் சரக்கு ரயில், அடியில் கொட்டை எழுத்தில் வியட்நாமிய மொழியில் ஒரு வாசகம்: 'பின் இன்ஜினில் ஆள் இல்லை.' நோர்ட்வான் என்ற அந்தக் கம்பெனி விற்பதே அந்த வாசகத்தைத்தான். சோமசுந்தரம் அதன் திட்ட மேலாளர்.

"வேலையை ஒப்படைச்சு நாலு நாள் ஆச்சு மதாம்," என்றார் அவர். "இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ரயில்வேக்காரங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வர்றாங்க. உங்க ரிப்போர்ட் இருந்தாத்தான் இன்ஷூரன்ஸ்காரன் வாயை மூடுவான். எந்த யார்டுல, யாரு அந்தத் திருடனை வண்டியில ஏத்திவிட்டான்? ஒரு பேரு போதும்."

விஷயம் இதுதான். நாட்டின் நடுவில் ஹாய் வான் மலை இருக்கிறது. முன்னால் ஒரு இன்ஜினை மட்டும் கட்டி ஒரு சரக்கு வண்டியை அதன்மேல் ஏற்ற முடியாது. வாலிலும் ஒன்றைக் கோத்துத் தள்ள வேண்டும். தள்ளுகிற இன்ஜினிலும் ஓட்டுநர் உண்டு. காலங்காலமாக அப்படித்தான். நோர்ட்வான் கம்பெனி ஒரு ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்தது. முன் இன்ஜின்காரர் கைப்பிடியை நகர்த்தினால், பின் இன்ஜின் தானாக அதையே செய்யும். பின்னால் ஆள் வேண்டாம்.

ஆறு வாரங்களுக்கு முன் வெள்ளோட்டம் நடந்தது. இருபது கண்டெய்னர் பெட்டிகள். மலை ஏறி இறங்கி, அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் விருந்தாளிகள் முன்னால் வந்து நின்றது. காலியான பின் இன்ஜினைக் கதவு திறந்து காட்டினார்கள். கைதட்டல்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால், ஒரு பாலத்தின் அடியில், பாறைகள்மேல் ஒரு மனிதர் செத்துக் கிடந்தார். பெயர் அகுஸ்தேன். வயது ஐம்பத்தெட்டு. காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு சிப்பாயின் மகன், தாய் வியட்நாமியப் பெண். அதே மலையில் இருபத்தாறு வருஷம் தள்ளு இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். பின் இன்ஜினிலிருந்து யாரோ விழுவதை ஒரு மீனவர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். கம்பெனி உடனே ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தது: டீசல் திருட வந்தவன், இன்ஜினின் வெளிப்படியில் ஒளிந்து வந்தான், விழுந்தான். போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. அகுஸ்தேனின் மனைவி ஜிசேலுக்கு அந்தக் காகிதத்தின் நகலும் ஒரு பழக்கூடையும் ஒரே நாளில் ஒரே ஆள் மூலம் போய்ச் சேர்ந்தன. பழக்கூடையில் கம்பெனி ஸ்டிக்கர்.

"வண்டி குலுங்கி விழலைங்கறதுக்கு ஆதாரம் கேட்டீங்களே," என்று சோமசுந்தரம் ஒரு நீளமான தாளை மேஜையில் விரித்தார். "நீலக் கோடு முன் இன்ஜின். சிவப்பு பின் இன்ஜின். எட்டுப் படி வேகம். பாருங்க, நீலம் ஏறினா சிவப்பு ஏறுது. இறங்கினா இறங்குது. ஒரு செகண்ட் வித்தியாசம், அவ்வளவுதான். அண்ணன் தம்பி மாதிரி."

மதாம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளை மேய்ந்தார். ஐம்பத்தாறு வயதில் அந்தக் கண்கள் எதையும் விடுவதில்லை. புதுச்சேரிக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் சைகோன். இருபது வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, பொய்களை மொழிபெயர்த்து அலுத்துப்போய், துப்பறிய வந்தவர்.

"ரேடியோவில எதெல்லாம் போகும்?"

"வேகம், பிரேக். வேற எதுவும் போகாது மதாம்."

"சுரங்கத்துக்குள்ள ரேடியோ அறுந்துபோனா?"

சோமசுந்தரம் சிரித்தார். விற்றுப் பழகிய சிரிப்பு. "கடைசியாக் கிடைச்ச கட்டளையை விடாமப் பிடிச்சுக்கும். எட்டுன்னா எட்டு. தானா எதுவும் யோசிக்காது. யோசிக்கிற மனுஷனைத்தானே நாம பின்னாடியிலேர்ந்து எடுத்துட்டோம்!"

"படம் பிடிச்சீங்களே, அதோட முழுப் பதிவு கிடைக்குமா?"

"ஆறு நிமிஷப் படம் இருக்கு. மியூசிக் எல்லாம் போட்டு."

"முழுசு?"

ஒரு நொடி தாமதம். "அதெல்லாம் அழிச்சிருப்பாங்க. சோலோன்ல ஒரு கல்யாண ஸ்டூடியோக்காரன்தான் எடுத்தான். விடுங்க, அதுக்கெல்லாம் நேரம் இல்லை. நம்ம ஆளுங்கன்னுதான் இந்த வேலையை உங்ககிட்ட கொடுத்தேன்."

காப்பி வந்தது. நான் குடிக்கவில்லை.

கீழே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது மதாம் தாளை சீட்டின்மேல் விரித்தார்.

"கருப்பையா, இங்க பாரு. ரெண்டு மணி ஏழு நிமிஷம். சுரங்கம். நீலம் எட்டுல நிக்குது. சிவப்பு?"

"இறங்குது. எட்டு, ஆறு, நாலு. அழகாப் படிப்படியா." என் மண்டையில் மெதுவாகத்தான் ஏறியது. "அப்புறம் பத்து செகண்ட் கழிச்சுத்தான் நீலம் இறங்குது. மதாம், தம்பி அண்ணனை முந்திட்டான்."

"வண்டியோட தலை உச்சியைத் தாண்டிடுச்சு. வால் இன்னும் ஏத்தத்துல. அந்த நேரத்துல பின்னாலேர்ந்து முழு பலத்தோட தள்ளினா நடுவுல இருக்கிற பெட்டி நசுங்கித் தடம் புரளும். முன் ஆள் அதைக் கவனிக்கலை. பின்னால யாரோ கவனிச்சிருக்காங்க."

"பெட்டி யோசிக்காதுன்னு அவரே சொன்னாரே."

"அதைத்தான் அவர் வாயாலயே சொல்ல வெச்சேன்."

சீனர்கள் வாழும் சோலோன் பேட்டைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. ஒரு திருடன், வெளிப்படியில் தொற்றிக்கொண்டு வந்தவன், உள்ளே போய் ரயிலைக் காப்பாற்றிவிட்டு மறுபடி வெளியே வந்து விழுந்தானா?

ஸ்டூடியோ ஒரு துணி மொத்தக் கடைக்கு மேலே இருந்தது. உள்ளே அட்டையில் செய்த ஈபிள் கோபுரம், பிளாஸ்டிக் செர்ரி மரம், ஒரு வெள்ளைக் குதிரைப் பொம்மை. உரிமையாளர் லாம், முப்பது வயதுச் சீனர், குதிரையின் முதுகில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை ரெடி, பொண்ணு எங்க?" என்றேன்.

வியட்நாமிய மொழியில் நான் சொல்லும் ஜோக்குகளுக்கு யாரும் சிரிப்பதில்லை. லாம் சிரித்தார். நல்ல மனிதர்.

"ரயில் படமா? முழுசா இருக்கு. அழிக்கச் சொன்னாங்க. சோம்பேறித்தனம், அழிக்கலை. சத்தத்தை எடுத்துட்டு மியூசிக் போடச் சொன்னார் அந்த இந்தியர். இன்ஜின் சத்தம் அசிங்கமா இருக்காம்."

"நீங்க எங்க இருந்து எடுத்தீங்க?" மதாம் கேட்டார்.

"முன் இன்ஜின்ல. ஓட்டுநர் கோய், அந்த இந்தியர், நான். மூணு பேர்தான். சுரங்கத்துல ஒண்ணும் தெரியாது, இருட்டு. ஆனா கேமரா ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

சுரங்கம் வரும் இடத்துக்குத் தள்ளினார். திரை கறுப்பு. இன்ஜினின் உறுமல். நுழையும்போது ஓட்டுநர் ஹாரன் அடித்தார், இரண்டு குட்டை ஒலி. மதாம் கையைத் தூக்கினார். லாம் ஒலியைக் கூட்டினார்.

தூரத்தில், வெகு பின்னால், சுரங்கச் சுவர்களில் மோதி வந்தது: இரண்டு குட்டை ஒலி.

"எதிரொலி," என்றார் லாம்.

"மறுபடி போடுங்க."

மறுபடி கேட்டோம். முன் ஹாரன் கட்டைக் குரல். பின்னது கொஞ்சம் கீச்சுக் குரல். வேறு ஹாரன். அதுவும் நாலு செகண்ட் கழித்து.

"மதாம்," என்றேன், "ரேடியோவில ஹாரன் போகாது. வேகம், பிரேக் ரெண்டுதான்."

"தள்ளு இன்ஜின்காரங்க பழக்கம் அது. முன்னாலேர்ந்து ரெண்டு அடிச்சா, பின்னாலேர்ந்து ரெண்டு அடிச்சு 'நான் இருக்கேன்'னு சொல்லணும். இருபத்தாறு வருஷம் அதையே செஞ்ச கை. ஒளிஞ்சிருக்கச் சொன்னது மறந்து போயிருக்கும்."

லாம் எங்களைப் பார்த்தார். அவர் நூடுல்ஸைக் கீழே வைத்துவிட்டார். "பின்னால ஆள் இருந்தாரா? பாலத்துக்கு அடியில... அவரா?"

முழுப் பதிவையும் என் போனில் ஏற்றிக்கொண்டோம். நாலு மணிக்குள் கோயைப் பிடிக்க வேண்டும்.

சைகோனுக்கு வடக்கே, பின் யுவோங் பக்கம், சோங் தான் சரக்கு யார்டு. ஒரு மணி நேரம் லாரிகளுக்கு நடுவே புகை குடித்துக்கொண்டு போனோம். கோய் கேன்டீனில் இருந்தார். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, முன்னால் தட்டு நிறையச் சோறு. நாங்கள் யாரென்று சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டார்.

"நான் கையெழுத்துப் போட்ட காகிதத்துல எல்லாம் இருக்கு," என்றார். "பின்னால ஆள் இல்லை."

மதாம் என் போனை அவர் காதருகே பிடித்தார். ஹாரன். பதில் ஹாரன்.

கோய் கண்களை மூடினார். பிறகு எழுந்து வெளியே நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். யார்டு வேலியோரம், நிழலில் நின்றார்.

"அந்தப் பெட்டி சுரங்கத்துல வேலை செய்யாதுன்னு முன்னாடியே தெரியும். சோதனை பண்ணப்ப மூணு தடவை செத்துப்போச்சு. அப்புறம்தான் அந்த இந்தியர் அகுஸ்தேனைக் கூட்டிட்டு வந்தார். யார்டுல யாரோ தமிழ் பேசறாங்கன்னு அகுஸ்தேனே போய்ப் பேசப்போய் பழக்கமாச்சு. ஒரு நாள் மட்டும், சும்மா பாதுகாப்புக்குன்னார். இஸ்திரி போட்ட பழைய யூனிஃபார்ம் சட்டையோட வந்தாரு மனுஷன்."

"எப்ப இறங்கறதாப் பேச்சு?"

"பாலத்துக்கு முன்னாடி மணல் சைடிங், கிளைத் தண்டவாளம், ஒண்ணு இருக்கு. அங்க நான் நடக்கிற வேகத்துக்குக் கொறைக்கணும், அவர் இறங்கி மரத்துக்குப் பின்னால போயிடணும். அதான் பேச்சு. ஆனா சுரங்கத்துல பதினோரு நிமிஷம் லேட்டாயிடுச்சு. 'கொறைக்காதே, விருந்தாளிங்க கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க'ன்னாரு அந்த இந்தியர்."

"அகுஸ்தேன்?"

"அவர் உள்ளயே ஒளிஞ்சுப்பாருன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். வண்டி நின்னதும் அந்த இந்தியர்தான் முதல்ல பின்னால ஓடினாரு. நானும் ஓடினேன். கேபின் காலி. சீட்டுல டீ பாட்டில் இருந்துச்சு. அதைச் சரிவுல வீசினாரு. வாக்கி-டாக்கியைப் பையில போட்டுக்கிட்டாரு. சீட்டைக் கைக்குட்டையால துடைச்சாரு. அப்புறம் விருந்தாளிங்களைக் கூப்பிட்டாரு." கோய் துப்பினார். "அகுஸ்தேன் எங்கன்னு கேட்டேன். வீட்டுக்குப் போயிட்டார்னாரு. மறுநாள் செய்தி வந்ததும், வாயைத் திறந்தா ஆளை ஏத்தினது நீதான்னு எழுதுவேன்னாரு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"பாலத்துகிட்ட அவங்க பேசிக்கிட்டாங்களா?"

"வாக்கி-டாக்கில பேசினாரு."

"என்ன பேசினாரு?"

கோய் மதாமை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இருந்தது, வெறுப்பும் இருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க பாஷை."

வேலியோரம் அப்படியே தரையில் உட்கார்ந்தோம். இயர்போனில் ஒரு முனை மதாம் காதில், ஒரு முனை என் காதில். திரையில் மலை இறங்குகிறது, கடல் தெரிகிறது, வெயிலில் பாலம் வருகிறது. கேமரா ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறது. உறுமலுக்கு அடியில், கரகரப்பாக, வாக்கி-டாக்கி.

"சார், சுரங்கத்துல ரேடியோ செத்துப்போச்சு சார். நானே கையில பிடிச்சுக் கொண்டாந்துட்டேன். வண்டி சரியா இருக்கு."

காரைக்கால் தமிழ். அப்பாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டது, கொஞ்சம் தட்டுத்தடுமாறி.

"சரி சரி. ஸ்டேஷன் வருது. இறங்கு."

இது சோப்பு வாசனைக் குரல்.

"கொறைக்கச் சொல்லுங்க சார். சைடிங்குல கொறைக்கறதாப் பேச்சு."

"அதெல்லாம் முடியாது, லேட்டாயிடுச்சு. கேபின்ல ஆள் இருக்கக் கூடாதுய்யா. குதி."

"பாலம் போவட்டும் சார். ஒரு நிமிஷம்."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் கேமரா வெச்சிருக்காங்க. இப்பவே குதி."

பிறகு இன்ஜின் சத்தம் மட்டும். நான் எண்ணினேன். ஒன்பது செகண்ட். அதன்பின் அதே குரல், சந்தோஷமாக, ஆங்கிலத்தில், லாமிடம்: கடல் அருமையாக இருக்கிறது, எடுங்கள், எடுங்கள்.

என் வாயில் எச்சில் கசந்தது. ஏதாவது சொல்லி மதாமைச் சிரிக்க வைப்பது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, பிணத்தின் பக்கத்தில்கூட ஏதாவது சொல்லியிருக்கிறேன். ஒன்றும் வரவில்லை. எழுந்துபோய்க் குழாயில் வாய் கொப்பளித்தேன். இன்னொரு தடவை கொப்பளித்தேன். சோமசுந்தரமும் நானும் பேசுவது ஒரே மொழி.

மதாம் அழவில்லை, திட்டவுமில்லை. "நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிறுத்தச் சொன்னார். அந்தப் பேச்சை வியட்நாமிய மொழியில் இருபது நிமிஷம் எழுதினார். தன் பழைய கோர்ட் முத்திரையைக் கைப்பையிலிருந்து எடுத்தார். கோயும் எங்களோடு வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. தன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். இரண்டாவது காகிதத்தின் அடியில் அவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். முதல் செட்டை எடுத்துக்கொண்டு அவரே போலீஸுக்குப் போனார்.

ஏழாவது மாடியில் பூ அலங்காரம் முடிந்திருந்தது. பக்கத்து ஹாலில் ரயில்வேக்காரர்கள் உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. மதாம் போகிற போக்கில் வரவேற்புப் பெண்ணிடம் ஒரு கவரைக் கொடுத்து, அந்த ஹாலைக் காட்டினார். பிறகு நாங்கள் சோமசுந்தரத்தின் அறைக்குள் போனோம்.

"வந்தாச்சா! யாரு மதாம், எந்த யார்டு?"

மதாம் போனை மேஜையில் வைத்தார். ஒலி முழுக்கக் கேட்டது. பாலம், கடல், குதி.

சோமசுந்தரம் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் பயம் இல்லை. பழைய சிரிப்பின் மிச்சம் இருந்தது.

"மதாம், ஓடுற வண்டியிலேர்ந்து அவர் ஆயிரம் தடவை குதிச்ச ஆளு. எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"டாக்டர் எழுதியிருக்கார். விழுந்ததுக்கப்புறம் மூணு நாலு மணி நேரம் உயிர் இருந்திருக்கலாம்னு. ஒரு ஆளை அனுப்பிப் பார்த்திருக்கலாமே."

"அனுப்பியிருந்தா, அவர் ஏன் அங்க இருந்தார்னு கேப்பாங்களே."

இதை அவர் நியாயம் சொல்வதுபோலச் சொன்னார். மழை வந்தால் குடை எடுக்க வேண்டாமா என்பதுபோல.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்று முன்னால் சாய்ந்தார். "இது தமிழ். இந்த ஊர்ல யாருக்குப் புரியும்? இந்த ரூம்ல மூணு பேரு. 'ஜாக்கிரதையா இருங்க, இறங்காதீங்க'ன்னு நான் சொன்னதா எழுதுங்களேன். மொழிபெயர்க்கப் போறது நீங்கதானே. நம்ம ஆளுங்களுக்குள்ள இது ஒரு விஷயமா?"

"அகுஸ்தேனும் அப்படித்தான் நெனச்சார்," என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "யார்டுல தமிழ் கேட்டதும் ஓடி வந்து உங்ககிட்ட பேசினாரு."

"கருப்பையா, நீ சும்மா இரு."

"மொழிபெயர்த்தாச்சு சார்," என்றார் மதாம். "ரெண்டு பக்கம். ஒரு சொல் கூட்டலை, ஒரு சொல் குறைக்கலை. போலீஸுக்கு ஒண்ணு போயிருக்கு."

"போலீஸை நான் பார்த்துக்கறேன்."

கதவு தட்டாமலே திறந்தது. ரயில்வேக் குழுவின் தலைவர், நரைத்த தலை, நின்றார். அவர் கையில் இரண்டு தாள்கள். சோமசுந்தரத்தைப் பார்த்து வியட்நாமிய மொழியில் ஒரே கேள்வி கேட்டார்.

"பாலத்தின் மேலா?"

சோமசுந்தரம் மேஜைமேல் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். நாலு மொழி பேசத் தெரிந்த மனிதர். பெரியவர் தாள்களை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தார். ஹாலிலிருந்த மற்றவர்களும் எழுந்தார்கள். பூக்கள் மட்டும் உட்கார்ந்திருந்தன.

வெளியே போகும்போது சோமசுந்தரம் என் கையைப் பிடித்தார். "கருப்பையா, நீயாவது சொல்லு." நான் கையை உதறிக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்கு போலீஸ் ஜீப் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததை எதிர் நடைபாதையிலிருந்து பார்த்தோம். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. குளிக்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

ஜிசேல் மகள் வீட்டில் இருந்தார். குறுகலான சந்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. சுவரில் சிலுவை, அதன் கீழ் அகுஸ்தேனின் படம். மதாம் அவர் அருகில் தரையில் உட்கார்ந்து, வியட்நாமிய மொழியில் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். திருடன் என்ற சொல்லைப் போலீஸ் காகிதத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று சொன்னபோது ஜிசேல் தலையை மட்டும் ஆட்டினார்.

"அவர் குரல் இருக்கா உங்ககிட்ட?"

மதாம் தயங்கினார். "அந்த ஆளோட குரலும் அதுல இருக்கு."

"போடுங்க."

நான் போனைத் தரையில் வைத்துப் போட்டேன். ஜிசேலுக்குத் தமிழில் மூன்று சொற்கள்தான் தெரியும்: வா, சாப்பிடு, போதும். மாமனார் பேசிப் பழக்கியவை. தலையைக் குனிந்து கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்தார்.

"கடைசியா 'போதும்'னாரா?"

"இல்லக்கா," என்றார் மதாம். "'போவட்டும்'னார். பாலம் போகட்டும், ஒரு நிமிஷம் கொடுங்கன்னு கேட்டார்."

"அதுக்கு அந்த ஆள் என்ன சொன்னான்?"

மதாம் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

சந்தில் யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜிசேல் கேட்டார்: "வண்டி? வண்டிக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலை. இருபது பெட்டியும் பத்திரமா இறங்கிச்சு. அவர்தான் இறக்கினார்."

"அப்படித்தான் இருக்கும்," என்றார் ஜிசேல். போனை என் பக்கம் நகர்த்தினார். "தம்பி, மறுபடி போடுங்க. அவர் பேசறது மட்டும். அந்த ஆள் குரல் வர்றதுக்கு முன்னால நிறுத்திடுங்க."

போட்டேன். அவருடைய கடைசி வரியிலிருந்து. விரலைத் திரைக்கு மேலேயே வைத்திருந்தேன். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுகிற பேச்சு. அகுஸ்தேனின் குரலுக்கும் அவன் குரலுக்கும் இடையில் மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை. முதல் தடவை பிந்திவிட்டேன். இரண்டாவது தடவை முந்திவிட்டேன், "ஒரு நிமி" என்று அறுந்தது. மூன்றாவது தடவை அவனுடைய "பா" உள்ளே நுழைந்துவிட்டது.

"மறுபடி," என்றார் ஜிசேல்.

நாலாவது தடவை சரியாக நிறுத்தினேன்.